தேசம்மா கட்டிய வேப்பிலை

நொச்சிக்குப்பத்தில் தேசம்மாவைப் போல் வாயாடியும் கிடையாது, பயந்தாங்கொள்ளியும் கிடையாது. ஆழ்வார்பேட்டை பங்களாக்களுக்கு மீன் கூடை சுமந்தவள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி, "நேத்து மீனா இருந்தா என் மூஞ்சியிலயே அடி" என்று பட்லர்களை மடக்குவாள். ஆனால் யாராவது இரண்டு தடவை இருமினால் போதும், கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் ஒரே வாரத்தில் புருஷன் சுப்பராயனையும் இரண்டு பிள்ளைகளையும் புதைத்தவள் அவள். மிஞ்சியது கைக்குழந்தை குப்பம்மா ஒருத்திதான்.

குப்பம்மாவுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, ஒரு கார்த்திகை மாதம், பட்லர் ஒருவன் சொன்னான்: "கப்பல்ல புதுசா ஒரு காய்ச்சல் வந்துகீதாம். மூச்சு முட்டி சாவுறாங்களாம்." எத்தனை பேர் செத்தார்கள், யார் பார்த்தது, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. தேசம்மாவும் கேட்கவில்லை. விற்காத மீனோடு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

வந்ததும் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை, ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். குப்பத்தில் ஒருவரும் அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். அதற்காகத்தான் செருகினாள். உள்ளே அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓலைத் தட்டியை இறுக்கிச் சாத்தி, காய்ச்சல் அண்டாதிருக்க இரவும் பகலும் வேப்பிலையும் சாம்பிராணியும் புகைத்தாள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். தட்டியில் காதை வைத்து வெளியே எவன் இருமுகிறான் என்று கேட்பாள், திரும்பி வந்து பெண்ணின் நெற்றியைத் தொடுவாள், மறுபடி தட்டிக்குப் போவாள்.

"யம்மா, கண்ணு எரியுது. கொஞ்சம் தட்டியத் தொற."

"எரிஞ்சா எரியட்டும். உசுரு கீதில்ல?"

எட்டாம் நாள் குப்பம்மா இருமினாள். மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது, மூச்சு இழுத்தது. தேசம்மா தட்டியைத் திறந்து நாத்தனார் கெங்கம்மாவைக் கூவி அழைத்தாள். அவள் மஞ்சள் நீர்ச் செம்பை எட்டவே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கெங்கா, ஒரு வண்டி கூட்டியா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"இன்னா அண்ணி பேசறே? ஆத்தா கீறப்ப மருந்து குடுத்தா குடும்பமே அழிஞ்சுபூடும். தலைக்குத் தண்ணி ஊத்தற வரிக்கும் பொறுத்துக்கோ."

அந்த வழியாகப் போன வண்டிக்காரனும் வேப்பிலையைப் பார்த்து மாட்டைத் திருப்பிக்கொண்டான். உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. தேசம்மா வேப்பிலையைப் பிடுங்கி மணலில் எறிந்தாள்.

"அம்மை இல்ல. ஆத்தாவும் வரல. நான்தான் பொய்யா கட்டினேன்."

ஆத்தா பேரில் பொய் சொன்னவளைக் குப்பம் சும்மா விடாது என்பது அவளுக்குத் தெரியாதா? சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். கெங்கம்மா மட்டும் நேராக வந்து பளாரென்று ஒரு அறை விட்டாள். விட்ட கையோடு உள்ளே நுழைந்து பெண்ணின் தோளைத் தூக்கி, "காலப் புடி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தேசம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கப்பல் காய்ச்சலா, டாக்டரய்யா?"

"அதெல்லாம் நான் இன்னும் பார்க்கலம்மா. இவளுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. வீட்டுல யாராவது இருமினாங்களா?"

"ஒருத்தரையும் உள்ள விடல."

டாக்டர் குனிந்து குப்பம்மாவின் தலைமயிரை முகர்ந்தார். "எத்தனை நாளா இந்தப் புகையில இருந்தா?"

தேசம்மா தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் குப்பம்மா கண் திறந்தாள். அடுத்த கட்டில்காரியைப் பார்க்க வந்த ஒருவர், ஜன்னலுக்கு வெளியே நின்று இருமினார். தேசம்மா விருட்டென்று எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தப்போனாள். முந்தானையை ஏதோ இழுத்தது. குப்பம்மாவின் கை.

"சாத்தாத, யம்மா."

தேசம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். வெளியே அந்த ஆள் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். தேசம்மா கதவை விட்டுவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஜன்னல் திறந்தே இருந்தது.