வடத்துக்கு எட்டாத கை

அவரைப் பற்றி ராஜபாளையத்தில் கதைகள் பல உலவுகின்றன. மிகை அவருக்குப் பிடிக்காது. ஆகவே நேரில் அறிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இடுப்புக்குக் கீழே அசைவற்றவர். சக்கர நாற்காலியில் அலுவலகம்தோறும் சென்று வாதாடி, வாசல்களில் சாய்தளம் அமைக்கச் செய்தவர். சக்கரம் உருட்டிக் காய்த்த உள்ளங்கைகளை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைவாசலில் அவரருகே நின்றிருந்தேன்.

“எம்புட்டு வாசலத் தெறக்க வச்சுட்டீக! இன்னும் என்னண்ணே வேணும்?” என்றேன்.

“ஒருக்கா தேர்வடத்தப் பிடிச்சு இழுக்கணும்யா. கிட்டப் போனா, ‘மிதிபட்ருவீகண்ணே’ன்னு பாசமா ஓரங்கட்டிருதாக. ஆபீசர்னா மனுப் போடலாம். இவியகிட்ட என்னத்தப் போட?”

சிரித்தார். தேர் அசைந்ததும் சிரிப்பு நின்றது. தேய்த்துக்கொண்டிருந்த கைகள் இறுக மூடிக்கொண்டன.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. ஆடிதோறும் வடத்தருகே அந்த நாற்காலியைத் தேடுகிறேன். வடம் அவர் கைக்கு எட்டியதா என்பது எனக்குத் தெரியாது.