காசு கொடுத்துக் கூலிவேலை: ரிவர்ஸ்டன் வழியில் ஒரு வேலைநிறுத்தம்

போன மாதம் இலங்கையின் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனதற்குக் காரணம் இயற்கை ரசனை என்று எழுத ஆசைதான். உண்மையான காரணம் வயிற்றெரிச்சல். என் மனைவியின் தம்பி சிவா ரத்தோட்டைக்கு மேலே தேயிலைக் காணி வாங்கி, சுற்றுலா நடத்தி, புது வேனும் எடுத்துவிட்டான். தொழிலாளி கூலிக்கு மேல் உழைப்பதுதான் முதலாளியின் லாபம் என்று அவனுக்கு வாலிபத்தில் பொதுவுடைமைப் பாடம் சொன்னவன் நான். பயல் முதலாளியின் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான்.

மாத்தளையில் காலை ஆறரை பஸ். ரத்தோட்டையிலிருந்து ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். வளைவுகள் ஏழாயிரம் இருக்கும். பனிமூட்டம் மலைகள் அத்தனையையும் மறைத்திருந்தது, சிவாவின் மாடிவீட்டைத் தவிர.

'கொழுந்து பறிக்கும் அனுபவம்' ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். அக்கா புருஷனுக்கும் தள்ளுபடி இல்லை. கூலி கொடுத்து வேலை வாங்குவது பழைய முதலாளித்துவம். வேலை செய்கிறவனிடமே காசு வாங்குவது என் மச்சானின் கண்டுபிடிப்பு. மூலதனத்தை ஆராய்ந்த அந்தத் தாடிக்காரர் இதைக் கண்டிருந்தால் தாடியை மழித்திருப்பார். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று காது சிவந்தது.

கற்றுக்கொடுக்க வந்தவர், சிவாவின் காணியில் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ராஜேஸ்வரி. நான் பறித்ததைப் பார்த்து, "ஐயா, அது முத்தல். மாடுகூடத் திங்காது" என்றார். அதைக் கொட்டிவிட்டு, நல்ல கொழுந்தாகத் தானே பறித்து என் பையில் போட்டார். அவருடைய காலையில் இரண்டு மணி நேரம் அதிலேயே போயிற்று.

மாலையில் நிறுவை. பதினெட்டு கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. ராஜேஸ்வரிக்குப் பதினைந்துதான்.

"என் பையையும் அவங்க பேருல போடு சிவா."

"அது விருந்தாளி கொழுந்து மச்சான். பொட்டலம் கட்டி உங்களுக்கே விப்பேன்."

"பறிச்ச கை என்னுது முதலாளி," என்றார் ராஜேஸ்வரி. "அரைப்பேர்னா நாளைக்கு வர்றவங்களுக்கு நீங்களே சொல்லிக்குடுங்க."

நான் தராசுக்கு முன்னால் ஈரத்தரையில் உட்கார்ந்தேன். ராஜேஸ்வரியும் உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி, "இதுவும் டிக்கெட்ல சேர்த்திதானே?" என்று பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் எடுத்தார்கள். படம் வெளியே போனால் வியாபாரம் கெடும் என்று சிவாவுக்குப் பட்டது. என் பையை அவனே தூக்கித் தராசில் போட்டான். மொத்தம் பத்தொன்பது. முழுப்பேர்.

உலகப் புரட்சியை நடத்திய களிப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சிவா குழைந்துகொண்டு வந்தான். "அந்த உக்கார்ற சீன் ஆளுங்களுக்குப் புடிச்சிருக்கு மச்சான். தினம் வைக்கலாம்னு பாக்குறேன்."

"வைங்க," என்றார் ராஜேஸ்வரி. "நாங்க உக்காராம நடக்காதுல்ல? விருந்தாளி வர்ற அன்னைக்கெல்லாம் நிறுக்காமலே முழுப்பேர் போட்டுருங்க."

அவன் தலையாட்டினான். என் போராட்டத்தில் அவனுக்கு வியாபாரம், அவருக்கு முழுப்பேர். எனக்கு நனைந்த வேட்டி. இரண்டு பேர்மீதும் பொறாமைப்பட்டபடி மலையிறங்கினேன்.

போகிறவர்களுக்கு: அட்டைக் கடிக்கு உப்பு கொண்டுபோங்கள். நீங்கள் பறிக்கும் கொழுந்து யார் பேரில் விழுகிறது என்று முதலிலேயே கேளுங்கள். இப்போது அங்கே 'போராட்ட அனுபவம்' நாலாயிரம் ரூபாயாம். போனால், தராசுக்கு நேர் முன்னால் இருக்கும் இடம் என்னுடையது, அங்கே மட்டும் உட்காராதீர்கள்.