நடை வேகத்தில் நின்றுபோன வண்டி

ஊரில் அவருக்குக் 'கடைசி வண்டி' என்று பெயர். தர்ம காரியங்களுக்காக இருந்த ஒரு சங்கத்தின் அமரர் ஊர்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். "என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறவன்கூட ஒருநாள் என் வண்டியில ஏறித்தான் ஆகணும். அன்னைக்கு மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கு முன் லாரி ஓட்டியவர். அந்த நாளில் மொடாக்குடியர். போதையில் லாரியைப் பள்ளத்தில் இறக்கி, இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் கிடந்தார். எழுந்து நடந்தபோது குடியை விட்டிருந்தார். பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் ஊர் வாய்க்கு எது ருசியோ அதைத்தானே அது திரும்பத் திரும்ப மெல்லும்?

வண்டி, காலம் கண்ட பெட்ரோல் வேன். அந்த வருஷக் கோடையில் அதற்கு ஒரு சீக்கு வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், இருமாமல், உதறாமல், விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிடும். சாவியை என்ன திருகினாலும் பிடிக்காது. ஆட்கள் தள்ளிக் களைத்து ஓரமாக உட்கார்ந்த பிறகு, பச்சைப்பிள்ளை மாதிரி கிளம்பும்.

முதல் தடவை நின்றபோது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பெட்டிக்குள் இருந்தவர் வாழ்நாள் முழுக்கப் பிடிவாதக்காரர். "உயிரோட இருந்தப்பவே சொன்ன பேச்சு கேட்டதில்ல, இப்பவா கேக்கப்போறாரு?" என்று அவருடைய மச்சினரே சொல்லி, துக்க வீட்டாரைச் சிரிக்க வைத்துவிட்டார். அடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை.

வண்டியைப் பார்த்த மெக்கானிக்குக்குப் 'புகை' என்று பெயர். வாயில் சிகரெட் இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. பிளக்கை மாற்றினார், பாயின்ட்டை மாற்றினார், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலையில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்து, "அண்ணே, குதிரை மாதிரி ஓடுது. இதுல ஒரு கோளாறும் இல்ல" என்று சாவியை நீட்டுவார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் கையில் அது நின்றதே இல்லை.

பிறகுதான் தையல்காரரின் மகள் இறந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயது, காய்ச்சல். பெட்டி அவ்வளவு சிறியது. வண்டிக்குள் வைத்தபோது சுற்றிலும் வெற்றிடம் தெரிந்தது. உச்சி வெயில். கடைவீதி முனை திரும்பியதும் வண்டி நின்றது.

அவர் சாவியைத் திருகினார், கும்பிடாத குறையாகத் திருகினார். பின்னால் வந்த கூட்டம் முதலில் முணுமுணுத்தது, பிறகு ஏசியது. தையல்காரர் ஜன்னலருகே வந்து அவர் முகத்தையே பார்த்தார்.

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க. வண்டிதான்…"

தையல்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, பெட்டியை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு மூன்று பேர் கைகொடுக்கப் போனார்கள், விடவில்லை. கூட்டம் முழுதும் வண்டியைக் கடந்து போயிற்று. போகிற ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இறங்கி வந்து, திறந்த பின்கதவைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றார்.

மறுநாள் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"வண்டிதாங்க நின்னுச்சு."

"மெக்கானிக் ஓட்டினா ஓடுது. நீங்க ஓட்டினா மட்டும் நிக்குது. நான் என்னன்னு நினைக்கிறது?"

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். வண்டி மறுபடி புகையின் பட்டறைக்குப் போயிற்று.

மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் ஒரு வார்த்தைகூடச் சந்தேகமாகக் கேட்கவில்லை. அதுவே அவருக்கு அழுகையை வரவழைத்தது. வேலையில்லாமல் வீட்டிலிருந்த நாட்களில், வண்டி நின்ற இடங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். காலியாகத் திரும்பும்போது நின்றதில்லை. மழை நாளில் நின்றதில்லை. ஆட்கள் முன்னால் நடக்க, அவர்கள் காலுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான், அதுவும் வெயிலில்தான், நின்றிருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"நீ விரட்டித்தானே பாத்த? ஊர்வலம் போற மாதிரி ஓட்டிப் பாரு."

புகை சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அட, ஆமாண்ணே. ஆனா அந்த வேகத்துல எவனாலயும் ஓட்ட முடியாது. காலு தானா அமுத்தும். முன்னாடி ஒரு ஆள் நடந்தாத்தான் சரிப்படும்."

"அப்ப நீ நட."

"பொண வண்டிக்கு முன்னாடியா? ஆளை விடுங்கண்ணே, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

கேட்ட வேறு யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மனைவிதான் குடையை எடுத்தாள். "செத்தவங்க துணியத் தினமும் கசக்கிப் போடறேன். கொஞ்ச தூரம் நடந்தா எனக்கு என்ன ஆயிடப்போகுது?"

"அதெல்லாம் வேணாம்மா."

"வண்டியை எடுங்க."

வெயில் ஏறியதும் கிளம்பினார்கள். அவள் குடையோடு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் ஊர்ந்தார். பக்கத்து இருக்கையில் புகை உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"யாரும் சாகல. வழிய விடுங்க" என்றாள்.

மயானத்துச் சாலைக்குத் திரும்பியதும் வண்டி சட்டென்று நின்றது. அது நின்றதற்காக அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

புகை இருக்கைகளுக்கு நடுவிலிருந்த எஞ்சின் மூடியைத் தூக்கினார். பிளக் ஒயரைப் பிடுங்கி இரும்பருகே வைத்து, அவரை ஸ்டார்ட் போடச் சொன்னார். பொறி இல்லை. காயிலைத் தொட்டவர் கையை உதறினார். அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. மனைவி தெருக்குழாயில் தன் துண்டை நனைத்துக் கொடுத்தாள். காயில்மேல் சுற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். துண்டிலிருந்து ஆவி எழுந்து அடங்கியது. மறுபடி போட்டதும் நீலப் பொறி பாய்ந்தது.

"காயில் புதுசுதானே? ஏன் இப்படிக் காயுது?" என்று அவர் கேட்டார்.

புகை காயிலுக்குப் போகும் ஒயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனார். வழியில் கரண்டைக் குறைத்து அனுப்ப விரல் நீளத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். அந்தக் கோடைக்கு முன் ரிப்பேர் பார்த்த எவரோ அதை வெட்டி எறிந்துவிட்டு, நேராக ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். முழு கரண்டும் காயிலில் இறங்கியது. வேகமாகப் போகும்போது எப்படியோ தாங்கியது. ஊர்ந்தால் வெந்தது.

"இத்தனை தடவை காயிலைப் பாத்தேன். அதுக்கு வர்ற ஒயரைப் பாக்கல" என்றார் புகை. அன்று அவர் அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்க வெகுநேரம் ஆனது.

புகை புது ரெசிஸ்டர் போட்டு விவரம் சொன்னதும், செயலாளர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "சரி சரி, இனிமே பாத்து ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

தையல்காரரிடம் சொல்லாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைக்குப் போய், தான் குடிக்கவில்லை, காயில் சூடாகித்தான் வண்டி நின்றது, இப்போது சரியாகிவிட்டது என்று முழுதும் சொன்னார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க மேல தப்பில்ல."

"இல்லைங்க."

"டாக்டரும் இதேதான் சொன்னாரு. யார் மேலயும் தப்பில்லயாம்." அவர் துணியை மடியில் போட்டு நீவினார். "திட்டிக்கிட்டு இருக்க எனக்கு நீங்க ஒரு ஆளாவது இருந்தீங்க. அதையும் எடுத்துக்கிட்டுப் போக வந்துட்டீங்களே."

அவர் எழுந்து வந்துவிட்டார். வீட்டில் மனைவி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "போயிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வண்டி அதன்பிறகு எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் அதைக் கூப்பிடுவது குறைந்தது. பக்கத்து ஊர் வண்டியை வரவழைத்தார்கள். அடுத்த வருஷம் சங்கம் புது வண்டி வாங்கியது, ஓட்டுநரையும் புதிதாகப் போட்டது. "பேர் கெட்டுப்போச்சு, பாருங்க" என்றார் செயலாளர்.

மனைவி கொதித்தாள். "கோளாறு வண்டியிலதான்னு அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும்மா. ஊருக்கு யாரு வீடு வீடாப் போய்ச் சொல்றது?"

அவளே பேசி, ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி வண்டி தள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்தாள். முறிந்து கூடிய இடுப்பு வலிக்க வலிக்க, நீண்ட தாழ்வாரங்களில் அவர் அதைத் தள்ளிக்கொண்டு போனார்.