வளர்த்தவள் அணியில் வாசித்தவை

பிள்ளைகளையும் குடும்பங்களையும் பற்றிய புத்தகங்கள் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜன்னலோரத்து அலுமாரியின் அடித்தட்டில் இருந்தன. நிலத்தில் குந்தியிருந்துதான் அவற்றை எடுக்க வேண்டும். உயர்தர வகுப்பு மாணவிகள் அந்தத் தட்டுக்குக் குனிவதில்லை. நான் குனிந்ததற்குக் காரணம் ஒரு விவாதம். தாய் என்னும் பெயருக்கு உரியவள் பெற்றவளா, வளர்த்தவளா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எங்கள் அணிக்கு வளர்த்தவள் வந்தாள்.

வழவழப்பான தாளில் மலிவு விலைக்கு வந்த ருஷ்ய மொழிபெயர்ப்புகளை வாசித்தேன். அவற்றில் பிள்ளைகள் பனியில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஆங்கில நாவல்களை வாசித்தேன். அவற்றில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை இல்லை. இந்தியச் சஞ்சிகைகள் வருவது நின்றுபோன காலம் அது. முன்னர் வந்த தொடர்கதைகளை யாரோ கிழித்துச் சேர்த்து, கோணியூசியால் தைத்து, மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருந்தார்கள். இடையிடையே ஓர் அத்தியாயம் காணாமற் போயிருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை திடீரென்று வளர்ந்துவிடும், அல்லது ஒரு தகப்பன் திருந்திவிடுவான். அவை அனைத்தையும் பேச்சாளர் வாசிக்கும் முறையிலேயே வாசித்தேன். எங்கே சபை உருகும் என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டேன். அழுவதற்காக அல்ல, அழவைப்பதற்காக வாசித்தேன்.

விவாதத்தன்று என் அக்கா தன் நான்கு வயது மகளோடு சண்டிலிப்பாயிலிருந்து வந்து முன் வரிசையில் இருந்தாள். அம்மாவின் தமையனாகிய அம்மானும் வந்திருந்தார். “பெறுதல் ஒரு நாள் நிகழ்ச்சி, வளர்த்தல் வாழ்நாள் தவம்” என்று நான் முடித்தபோது எழுந்த கைதட்டலை மண்டபத்தின் ஓட்டுக்கூரை திருப்பித் தந்தது. பரிசு எங்களுக்கே கிடைத்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா என் விலாவில் இடித்தாள்.

“அப்ப நான் இவளைப் பெத்தது பெரிய காரியமில்லை எண்டுறாய்?”

“நீதானே வளர்க்கிறதும். எந்தப் பக்கத்தாலை பார்த்தாலும் நீதான் தாய்.”

“நல்லாய்த்தான் கதைக்கிறாய். உன்னைக் கட்டப்போற பாவி ஆரோ?”

அந்த ஆண்டு முடிவதற்குள் அக்கா நெருப்புக் காய்ச்சலில் இறந்தாள். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. அக்காவின் கணவர், கொழும்பில் கிளாக்கராக இருந்த அத்தான், மெயில் ரயிலில் திரும்பிப் போனார். பிள்ளை எங்களோடு நின்றாள். நான் நாளும் கல்லூரிக்குப் போனேன், வந்தேன். மனத்துக்குள் எதுவும் அசையவில்லை என்பதை நான் அறிந்திருந்தேன். அதைக் குறித்துக் கவலையும் வரவில்லை.

பின்னேரங்களில், என் தகப்பனாகிய ஐயா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருமுன், பின்விறாந்தையில் பிள்ளைக்கு அந்தப் புத்தகங்களை வாசித்தேன். வேறு எதை வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“இவன்ரை அம்மா எங்கை?” என்று கேட்டாள்.

“செத்துப்போனா.”

“பேந்து?”

“பேந்து மாமி வீட்டை போறான்.”

“அங்கை நாய் நிக்குதோ?”

“நிக்குது.”

“அப்ப சரி. வாசியுங்கோ.”

நூல்களில் தாயை இழந்த பிள்ளை ஜன்னலருகே இருக்கும், உணவை மறுக்கும், காய்ச்சலில் விழுந்து பிதற்றும். எங்கள் பிள்ளை பிட்டுக்கு இன்னும் சீனி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெடியனைக் கடித்தாள். நூல்களில் உள்ளது எப்போது தொடங்கும் என்று நான் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவளிடமும் தொடங்கவில்லை, என்னிடமும் தொடங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அம்மான் வந்தார். ஐயா கதிரையில் இருந்தார். அம்மா நிலத்தில் இருந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தா.

“பிள்ளைக்கு ஒரு தாய் வேணும்,” என்றார் அம்மான். “வெளியிலை இருந்து ஒருத்தி வந்தால் அவள் எப்பிடிப்பட்டவளோ ஆருக்குத் தெரியும்? அக்கா இருந்த இடத்திலை தங்கச்சி இருக்கிறது எங்கடை ஆக்களுக்குப் புதுசில்லை.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீதானே பிள்ளை அண்டைக்கு மேடையிலை நிண்டு முழங்கினனீ, வளர்த்தவள்தான் தாய் எண்டு. நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். இப்ப செய்து காட்ட ஒரு வழி வந்திருக்கு.”

எதிரணியின் கூற்றை மறுக்க எனக்குப் பயிற்சி உண்டு. என் கூற்றையே எடுத்து என்முன் வைத்தவரை மறுக்கும் பயிற்சியை எவரும் தரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நூலகத்தின் அடித்தட்டுக்கு மீண்டும் குனிந்தேன். இம்முறை மாற்றாந்தாய்களையும் சிறியதாய்களையும் தேடி வாசித்தேன். மாற்றாந்தாய் கொடியவள், தாயின் தங்கை நல்லவள். இதில் எல்லா நாட்டு நூல்களும் உடன்பட்டன. தாயின் தங்கையே தாலியோடு அந்த வீட்டுக்குள் வந்தால் அவள் எந்த வகையில் சேருவாள் என்பதை ஒரு நூலும் சொல்லவில்லை.

அடுத்த முறை அத்தான் வந்தபோது, நான் கிணற்றடியில் பிள்ளையின் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவர் சற்றுத் தள்ளி நின்றார்.

“உமக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். நான் கேக்கிறன்.”

“உங்களுக்கு?”

“எனக்கு இப்ப ஒண்டும் விளங்கேல்லை. சோறு போட்டால் தின்னுறன்.”

“எனக்கும் அப்பிடித்தான் அத்தான்.”

“அப்ப பொருத்தம் நல்ல பொருத்தம்தான்,” என்றார். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை எல்லோர் முன்னிலையிலும் விடை சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

“வளர்க்கிறன் அம்மான். கலியாணம் வேண்டாம். நான் பேசினது வளர்க்கிறதைப் பற்றி. அதுக்குத் தாலி வேணும் எண்டு நான் எந்த இடத்திலையும் சொல்லேல்லை.”

அம்மான் ஐயாவைப் பார்த்தார். “உவளோடை கதைச்சு வெல்லேலாது.”

“வெண்டு என்ன செய்யப்போறாய்?” என்று அம்மா என்னைக் கேட்டா. ஐயா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அந்தக் காலத்தில் பிள்ளையை நான் வளர்த்தேன். தலை இழுத்துப் பின்னினேன், குளிப்பாட்டினேன், காய்ச்சலுக்கு மல்லி அவித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் வாசித்தேன். சில கதைகளை அவள் பாடமாக்கிவிட்டாள். அவள் என்னைச் சித்தி என்றே அழைத்தாள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அத்தானுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்தது. அவருடைய சொந்தக்காரர் நல்லூரில் ஒரு பெண் பார்த்தார்கள். கலியாணம் கோயிலில், ஆரவாரமின்றி நடந்தது. “பிள்ளை தகப்பனோடைதானே இருக்க வேணும்,” என்றார் அம்மான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார் போலும். வளர்க்க ஒருத்தி வந்திருக்கிறாள். அவளுக்கு எதிராக என் பேச்சில் ஒரு வரிகூட இருக்கவில்லை. உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவற்றின் மேல் நான் வாங்கிக் கொடுத்த ருஷ்யப் புத்தகங்களை அடுக்கினேன். கார் ஒழுங்கையால் திரும்பும்போது பிள்ளை கை காட்டினாள். அவளுக்குக் கார்ப் பயணம் பிடிக்கும்.

ஒரு மாதம் கழித்து நல்லூருக்குப் போனேன். நூல்களில் வரும் கொடிய மாற்றாந்தாய்க்கு ஒருவகையில் நான் ஆயத்தமாகவே போனேன். ஆயினும் கதவைத் திறந்தவள் மெலிந்த, கூச்சமுள்ள பெண். என்னைவிடச் சில வயதே மூத்தவள். பிள்ளையின் தலை ஒழுங்காகப் பின்னியிருந்தது. நகம் வெட்டியிருந்தது. குறை பிடிக்க ஓரிடமும் இருக்கவில்லை, நான் தேடினேன்.

“நீங்கள்தானே கதை வாசிக்கிற சித்தி,” என்றாள் அவள். “எனக்கு உங்களைப்போல ஏற்றி இறக்கி வாசிக்க வராது. ஒருக்கால் வாசிச்சுக் காட்டுங்கோவன். பார்த்துப் பழகலாம்.”

பிள்ளை புத்தகத்தை எடுத்து வந்தாள். நான் நிமிர்ந்திருந்து வாசித்தேன். பனி பெய்தது, பையன் நடந்தான், குரல் எங்கே தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் பிள்ளை தன் கையைப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

“நீங்கள் வாசிச்சது காணும் சித்தி. இனி அம்மா வாசிக்கட்டும்.”

அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்காக என்னிடம் அனுமதி கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. நான் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

அவள் வரிக்குக் கீழே விரலை வைத்து, பாடசாலைப் பிள்ளைபோல வாசித்தாள். பல இடங்களில் தட்டுப்பட்டாள். தட்டுப்படும் இடமெல்லாம் பிள்ளை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தை முடிக்க நெடுநேரம் சென்றது.

“அடுத்த கிழமையும் வருவியளோ?” என்று வாசல் படலையடியில் அவள் கேட்டாள்.

“ஓம், வாறன்,” என்றேன்.

சொன்னபடியே போனேன். பின்னரும் பல கிழமைகள் போனேன். அவள் வாசித்தாள், நான் எதிர்க்கதிரையில் இருந்து கேட்டேன்.