ஆர்டிஸ் வீட்டுக் கடைசித் துண்டு

ஆர்டிஸ் லுண்டீனுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் இருபத்திரண்டு குளிர்காலங்களில் அவள் வீட்டு மாடியறையில் படுத்தெழுந்த பிள்ளைகளைக் கூட்டினால் ஒரு வகுப்பறை நிறையும். வடக்கு டகோட்டாவில் அவள் ஊரில் பனிப்புயல் அடித்துப் பள்ளிப் பேருந்து ஓடாவிட்டால், பண்ணைகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஊருக்குள் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். யாருக்கு எந்த வீடு என்று முன்கூட்டியே எழுதிப் பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்துவிடுவார்கள். புயல் வீடு என்று அதற்குப் பெயர். தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பதில் ஆர்டிஸுக்கு ஒரு கர்வம். கர்வம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். அந்த ஊரில் யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வருஷம் அவளுக்கு வந்து சேர்ந்தவள் நொயெமி. பதினொரு வயது. குடும்பம் டெக்சாஸிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு மாட்டுப் பண்ணையில் அப்பாவுக்கு வேலை. ஜனவரிப் புயலில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஆர்டிஸ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். உருளைக்கிழங்கும் கறியுமாகச் சுடச்சுட ஒரு பாத்திரம், ஒரு பெரிய தட்டு நிறையப் பேரீச்சம்பழக் கேக். அவள் கணவன் ஓர்லின் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம். மூன்றாம் முறை கேட்டால்தான், சரி, கொஞ்சம்போல. கேக் தட்டில் கடைசித் துண்டை ஒருவரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். ஆசைப்பட்டவர் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் மீதியில் பாதி, கடைசியில் எறும்புக்கும் காணாத ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும். நொயெமி வளர்ந்த வீட்டிலோ, கொடுத்ததை மறுப்பதுதான் அவமரியாதை. இன்னும் வேணுமா என்று கேட்ட மாத்திரத்தில், "வேணும் மேம், ரொம்ப நல்லாருக்கு" என்றாள். இரண்டாம் நாள் மத்தியானம் கடைசித் துண்டையும் எடுத்து, கண்ணை மூடி ரசித்துத் தின்றாள். ஓர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆர்டிஸும் சிரித்தாள்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் மாடிக்குப் போனதும் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்துத் தோழி டெலோரிஸைக் கூப்பிட்டாள்.

"கடைசித் துண்டை அப்படியே தூக்கி வாயில போட்டுக்கிட்டாடி. பேச்சுக்குக்கூட ஒரு தடவை வேணாம்னு சொல்லல. வீட்டுல ஏதாவது கண்ணுல காட்டுவாங்களா, மாட்டாங்களான்னே தெரியல."

தட்டையாவது விட்டுவைத்தாளா என்று டெலோரிஸ் கேட்க, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வீட்டில் மாடியறைக்குத் தனியாகக் கணப்பு கிடையாது. சமையலறைச் சூடு மேலே ஏறட்டும் என்று மாடித் தரையில் ஒரு சதுரம் வெட்டி இரும்புக் கம்பி பதித்திருந்தார்கள். சூடு போகிற வழியில் பேச்சும் போகும். நீங்கள் குசுகுசுவென்று பேசுவதெல்லாம் கீழே கேட்கும் என்று இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டியவளே ஆர்டிஸ்தான். அன்றைக்கு அது நினைவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் நொயெமி மூன்று முறை வேண்டாம் என்றாள். நான்காம் முறையும் அதையே சொன்னாள். ஆர்டிஸ் நிமிர்ந்து மேலே கம்பியைப் பார்த்தாள். காது மடல் சுட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பேசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்காவிட்டால், ஒருவேளை அவள் காதில் விழவே இல்லையோ என்னவோ. கோழைக்கு எப்போதும் ஒரு ஒருவேளை கிடைத்துவிடும்.

பிப்ரவரியில் அடுத்த புயல். மத்தியானமே பள்ளியை மூடிவிட்டார்கள். ஆர்டிஸ் கேக் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டே தெரு தூரம், பிள்ளை வந்து சேரவில்லை. பள்ளிக்குப் போன் பண்ணினால், கிளம்பி முக்கால் மணி நேரம் ஆயிற்று என்றார்கள். வெளியே எதிர்வீடு தெரியவில்லை. வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவிலேயே வழி தப்பி விறைத்துச் செத்தவர்கள் உண்டு அந்தப் பக்கத்தில். ஓர்லின் வண்டியை நத்தைபோல ஊர்ந்து ஓட்ட, ஆர்டிஸ் ஜன்னலை இறக்கிவிட்டுப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே போனாள்.

தபால் நிலையத்தின் முன்கூடம் எந்நேரமும் திறந்திருக்கும். அங்கே ஹீட்டர் ஓரத்தில், பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நொயெமி.

"இங்கயே இருந்துக்கறேன் மேம். சூடாத்தான் இருக்கு. யாருக்கும் தொந்தரவு இல்ல."

இருபத்தேழு வருஷம் நின்று ஊருக்கே கடிதம் கொடுத்த இடம் அது. அங்கே அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆர்டிஸுக்குக் கூசியது. தன் வாயால் ஒரு பிள்ளையைப் புயலுக்குள் துரத்தியிருக்கிறாள்.

"நான் போன்ல பேசினது தப்பும்மா. அசிங்கமான பேச்சு. வீட்டுக்கு வா."

"பரவால்ல மேம்" என்றாள் நொயெமி, ரொம்ப மரியாதையாக.

வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். எது கொடுத்தாலும் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை கொஞ்சமாக வாங்கிக்கொண்டாள். பேருந்து வருகிற காலையில் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. உனக்காகத்தான் சுட்டேன், முழுசா எடுத்துக்கோ என்று ஆர்டிஸ் கிட்டத்தட்டக் கெஞ்சினாள். நொயெமி கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டினாள். யோசித்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, சின்னதை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அவள் போன பிறகு டெலோரிஸ் கூப்பிட்டாள். "என்னடி, இந்தத் தடவையாவது உன் விருந்தாளி எதையாவது மிச்சம் வெச்சாளா?"

"வெச்சா. நம்மள மாதிரியே."

"பரவாயில்லையே, சட்டுனு கத்துக்கிட்டாளே. நீ கத்துக்குடுத்தியா?"

ஆர்டிஸ் தட்டில் கிடந்ததைப் பார்த்தாள். அதைத் தின்னவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

"ஆமா" என்றாள். "நான்தான்."