பாப்பம்மாளின் வெள்ளச்சி

பென்னலூரில் தனியாக வாழ்ந்த பாப்பம்மாளுக்கு, மூடிவிட்ட ஒரு முயல் பண்ணையிலிருந்து கிடைத்தவள் வெள்ளச்சி. ஜெயன்ட் என்னும் பெரிய முயல் சாதி, ஏழு கிலோ எடை. மடியில் படுத்தால் முட்டி மறைந்துவிடும். 1991 மே மாதம், குண்டுவெடிப்பில் தலைவர் இறந்ததால் பஸ் ஓடாத ஒரு நாள், வெயில் தாங்காமல் வெள்ளச்சி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பாப்பம்மாள் அவளை ஈரத்துணியில் சுற்றி, ஸ்ரீபெரும்புதூர் மாட்டு டாக்டர் வீடுவரை தூக்கிக்கொண்டே நடந்தாள். கதவு பூட்டியிருந்தது.

“டாக்டரு மெட்ராஸ்ல மாட்டிக்கினாரும்மா. வூட்டுக்குப் போ,” என்றார் தெருவில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்.

“இத்த வுட்டா எனக்கு யாரும் இல்ல சார். வேற டாக்டரு யார்னா கீறாங்களா?”

அவர் தன் குடிதண்ணீரை முயலின் காதுகள்மேல் ஊற்றினார். பாப்பம்மாள் அவற்றைத் தேய்த்துவிட்டாள். வெள்ளச்சியின் உடம்பு விறைத்த பிறகும் அவள் கை ஓயவில்லை.