வாடை இல்லாத மீன்

அழகம்மாள் என்று கூப்பிட்டால் அரிமளத்துப் பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் மேலத்தெரு அய்யாக்கண்ணுவின் மூத்த மகள். தாய்மாமன் மகன் நல்லதம்பிக்கே வாழ்க்கைப்பட்டவள். நாலு ஏக்கர் வானம் பார்த்த நிலம், ஒரு சோடி மாடு, ஒரே பெண் செவந்தி. இதில் எதனாலும் அவளுக்குப் பேர் வரவில்லை. மீன் பார்க்கத் தெரிந்தவள் என்றுதான் பேர்.

சந்தையில் மீன்கூடை இறங்கினால் தெருப் பெண்கள் அவளை முன்னே விட்டுப் பின்னால் நிற்பார்கள். அவள் ஒரு மீனைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோவாள். விரலால் வயிற்றை அமுக்குவாள். விரல் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், வாடை மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொட வேண்டும். தொட்டால், "இது மீனு, அள்ளுங்கடி" என்பாள். கண்மாய் மீனைப் பற்றி அவள் பேசமாட்டாள், அதன் சேற்று வாடை வேறு. கடல் மீன் என்றால் அதற்கென்று ஒரு வாடை உண்டு, அது இல்லாதது விளையாத மீன் என்பது அவள் தீர்மானம். அவளுடைய ஆத்தாளும் அப்படித்தான் பார்த்து வாங்கினாள், ஆத்தாளைப் பெற்றவளும் அப்படித்தான்.

அந்த மீன் கட்டுமாவடியில் கரையேறி, ஓலைக்கூடையில் உப்புத் தூவி, மாட்டு வண்டியில் அறந்தாங்கி வந்து, அங்கே ஒரு ராத்திரி கிடந்து, மறுநாள் பஸ் உச்சியில் வெயில் காய்ந்துகொண்டு அரிமளம் வந்து சேரும். வேறு மாதிரியான கடல் மீனை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை. காணாததைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

சமஸ்தானம் கலைந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். செவந்திக்குக் கிழக்கே மாப்பிள்ளை அமைந்தது. கட்டுமாவடிக்கு மேற்கே ஒரு மைலில் ஊர். நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை சோலையப்பனுக்குத் தகப்பன் இல்லை, தாய் மருதாயிதான் எல்லாம். தை மாதம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தார்கள்.

கடலோரத்துச் சம்பந்திக்கு மீன் போடாமல் இருக்கலாமா? மீன்காரி முனியாயியிடம் ஒரு வாரம் முந்தியே சொல்லிவைத்து, முழங்கை நீளத்தில் ஒரு கொடுவா வரவழைத்தாள் அழகம்மாள். பழம்புளி கரைத்து, மசாலை வறுத்து அரைத்து, முதல் நாள் சாயங்காலமே குழம்பை வைத்து ஊறவிட்டாள். மறுநாள் தெருவே மணத்தது.

மருதாயி சோற்றில் குழம்பை ஒரு விரல் தொட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லி ரசத்துக்குப் போய்விட்டாள். அவள் கூட வந்த தம்பியும் அப்படியே. மாப்பிள்ளை மட்டும் வேர்த்து விறுவிறுத்து இரண்டு துண்டு தின்றார். சம்பந்தியம்மாள் இலையை மூடியபோது துண்டு முழுசாக உள்ளே இருந்தது.

போட்ட துண்டை அப்படியே வைத்து இலையை மூடினால், இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்தப் பக்கத்தில் அர்த்தம். பெண்ணைப் பிடிக்காமல்தான் மீனை ஒதுக்கினார்கள் என்று அன்றைக்கே அழகம்மாள் புருஷனிடம் சொன்னாள். நாலு துண்டு தின்று முடித்திருந்த நல்லதம்பி, வயிறு சரியில்லை என்றுதானே சொன்னார்கள் என்றார். எதைப் போட்டாலும் தின்கிற மனுஷரிடம் இதைச் சொன்னது தன் தப்பு என்று அவள் பேச்சை விட்டாள்.

தீபாவளிச் சீரோடு இருவரும் கிழக்கே போனார்கள். செவந்தி அப்போது மூன்று மாதம். விடியற்காலையில் படகுக்கார இன்னாசி சீலா மீன் கொண்டுவந்து இறக்கிப் போனான். மருதாயி தேங்காய்ப் பால் ஊற்றி, மாங்காய் போட்டு, மிளகாயைக் கண்ணில் காட்டிய மாதிரி ஒரு குழம்பு வைத்தாள். அழகம்மாள் ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, இளநீர் வழுக்கை மாதிரி இருந்தது. வாடை என்று பேருக்குக்கூட இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரிதானே என்று மருதாயி எதையோ போட்டு ஒப்பேற்றுகிறாள் என்று நினைத்தாள். துண்டை அப்படியே வைத்து இலையை மூடினாள். மருதாயி அதைப் பார்த்தாள்.

மாசியில் செவந்திக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். அது அந்தப் பக்கத்தில் யாரும் மாற்றாத வழக்கம். ஏழு வகைக் கட்டுச்சோறு கிண்டி, மூன்று பெண்களைத் துணை சேர்த்துக்கொண்டு, அழகம்மாளும் நல்லதம்பியும் பெண்ணை அழைத்துவரப் போனார்கள். வளையல் போட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மத்தியான பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரத்தில் மருதாயி வாசற்படியில் வந்து நின்றாள். பிள்ளைப்பேறு இங்கேயே இருக்கட்டும் என்றாள். துணைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைப்பிள்ளைக்குப் பெண்ணை அனுப்பாத வீடு என்றால் உறவு அறுந்தது என்றுதான் கணக்கு. வெறுங்கையோடு திரும்பினால் அரிமளத்தில் என்ன பேசுவார்கள் என்பதை அழகம்மாள் யோசிக்கவே வேண்டியதில்லை.

அழகம்மாள் காரணம் கேட்டாள்.

"வாயும் வயிறுமா இருக்குற புள்ள. அங்க வந்து அழுகின மீனத் தின்னுட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள் மருதாயி.

"அழுகின மீனா? முழங்கை நீளக் கொடுவாங்க அது."

"நீளத்த நான் குத்தம் சொல்லலிங்க. எங்க ஊரு நாய்கூட மோந்துட்டுப் போயிரும்."

"நீங்க போட்டீங்களே, பச்சத் தண்ணியாட்டம் ஒண்ணு. அது மட்டும் மீனா?"

"அது துள்ளிக்கிட்டு வந்த மீனுங்க. அதையே எலையில வச்சு மூடுனீங்க."

நல்லதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு இரண்டுமே நன்றாகத்தான் இருந்தது என்றார். சம்பந்தியம்மாள் இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அழகம்மாள் மகளைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் தன் கையால் தின்றவள், அவளே சொல்லட்டும் என்றாள். செவந்தி புது வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஆடிக்கு வந்தப்ப நீ வச்ச குழம்ப நான் திங்கல ஆத்தா. கொல்லையில பூனைக்கிப் போட்டேன். ஒங்கிட்டச் சொல்ல மனசு வரல."

அழகம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருதாயிகூட அந்தப் பேச்சை எதிர்பார்க்கவில்லை, ஒரு பாயை எடுத்துவந்து விரித்தாள். இங்கே வந்த புதிதில் என்ன தின்றாய் என்று அழகம்மாள் மகளைக் கேட்டாள். முதலில் தனக்கும் இறங்கவில்லை, வாடையே இல்லாமல் என்னமோ மாதிரி இருந்தது, அப்புறம் எப்போது மாறியது என்று தனக்கே தெரியாது என்றாள் செவந்தி.

மத்தியான பஸ் போய்விட்டது. அதற்கு மறுநாள்தான் அடுத்த பஸ். அழகம்மாள் பாயிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அவளையும் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள். தூரம் என்று அய்யாக்கண்ணு தட்டிக்கழித்தார். கொடுத்திருந்தால் இந்நேரம் நாமும் ஒரு சம்பந்தி வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆத்தாளும் அவளைப் பெற்றவளும் கொடுத்த நாக்கு என்று நினைத்திருந்தாளே, அது அறந்தாங்கி வண்டிப் பாதை கொடுத்த நாக்கு. ஆறு மாதத்தில் மாறிப்போகிற ஒன்றுக்காகவா இவ்வளவு காலம் தலைநிமிர்ந்து நடந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது.

காலையில் இன்னாசி மீன் கொண்டுவந்தான். மருதாயி கூப்பிடாமலே அழகம்மாள் கிட்டே போய்ச் செவுளை விலக்கிப் பார்த்தாள். செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. மோந்தாள், ஈரக்காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. விரலால் அமுக்கினாள், விரலைத் தள்ளியது. அவளுடைய சந்தைக் கணக்குப்படி தள்ள வேண்டிய மீன்.

குழம்பு கொதித்து இறங்கியதும் தனக்குப் போடச் சொன்னாள். ஒரு துண்டு முழுசையும் முள் பிரித்துத் தின்றாள். மருதாயி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லமாட்டேங்க சம்பந்தி," என்றாள் அழகம்மாள். "நல்ல மீனுன்னு கண்ணுக்குத் தெரியுது. நாக்குக்குத் தெரியல. எம் மகளுக்குத் தெரியுது. புள்ள பெத்து அவ எந்திரிக்கிற வரைக்கும் எங்க அடுப்புல மீனே ஏறாது. அவளுக்கு என்ன எறங்குதோ அதத்தான் ஆக்கிப் போடுவேன்."

"நீங்களுமா திங்காம இருப்பீங்க?"

"நானுந்தான்."

அந்தப் பேச்சின் எடை மருதாயிக்குத் தெரியும். மீன் தின்கிறவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப சம்பந்தியாரு?"

"அவருக்கு எதப் போட்டாலும் மீனுதாங்க."

மருதாயி சிரித்துவிட்டாள். மறுவீட்டில் அவ்வளவு பெரிய மீனாகப் பார்த்து வாங்கியும் தனக்குக் கெட்டதைப் போட்டார்களே என்று, பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டே வந்ததாகச் சொன்னாள். அழகம்மாளும் தீபாவளிக்கு அதே பஸ்ஸில் அப்படித்தான் திரும்பிப் போனாள். உள்ளே போன மருதாயி மருமகளின் புடவைகளை மடித்துத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். மத்தியான பஸ்ஸில் முன் சீட்டுப் பார்த்து ஏற்றிவிட்டு, குலுங்காமல் ஓட்டும்படி டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அரிமளம் வந்த மூன்றாம் நாள். சொம்பில் கொடுத்த தண்ணீரைச் செவந்தி பாதியோடு வைத்துவிடுவதை அழகம்மாள் கவனித்தாள். நேற்றும் அப்படித்தான் வைத்திருந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் மகள். விடாமல் கேட்ட பிறகு, கிழக்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் பழகிவிட்டது, இது சப்பென்று இருக்கிறது, தொண்டையில் நிற்கவில்லை என்றாள்.

அது ஊருணித் தண்ணீர். அதன் தித்திப்பைப் பற்றி அந்த ஊரில் யாரும் ஒரு குறை சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியாது. பத்து நாளைக்கு முன்பாக இருந்தால் அழகம்மாளே விட்டிருக்கமாட்டாள்.

அடுக்களைக்குப் போய் உப்புப் பானையைத் திறந்தாள். நாலு கல் எடுத்துச் சொம்பில் போட்டு, கரண்டிக் காம்பால் கலக்கினாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள். குமட்டியது. அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று சொம்பை எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.